தக்காளி வேரில் முடிச்சு: நூற்புழுவைப் புரிந்துகொள்வது எப்படி?

போன மாசியில் ஒட்டன்சத்திரம் பக்கம் சித்தப்பாவின் தக்காளித் தோட்டத்துக்குப் போயிருந்தேன். நட்டு ஐம்பது நாள் ஆன பயிர். தோட்டம் முழுக்கப் பச்சையாக நிற்க, நடுவில் இரண்டு இடத்தில் மட்டும் வட்டமாகச் செடிகள் குட்டையாக, வெளிறிப்போய் நின்றன.

"காலையில பாத்தா நல்லாத்தான் நிக்குது. உச்சி வெயில் வந்தா தலையைத் தொங்கப் போட்டுருது. தண்ணி பத்தலையோன்னு தண்ணி விட்டேன். சத்து பத்தலையோன்னு யூரியா போட்டேன். கடைசியில மருந்துக் கடையில சொல்லி நூற்புழு மருந்தும் ஊத்தியாச்சு. ஒண்ணும் கேக்கல" என்றார்.

ஒரு செடியைச் சுற்றி மண்வெட்டியால் ஆழமாக வெட்டி, மண் கட்டியோடு தூக்கி, வாளித் தண்ணீரில் மெதுவாக அலசினோம். நூல் நூலாகப் பிரிந்து தொங்க வேண்டிய வேர், குட்டி இஞ்சிகளைக் கோத்து வைத்ததுபோல முண்டும் முடிச்சுமாக வெளியே வந்தது. சித்தப்பா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "கடலைச் செடி வேர்லயும் இப்படித்தான முண்டு இருக்கும்? அது நல்லதுன்னுல்ல சொல்லுவாங்க?" என்று கேட்டார்.

முப்பது வருடம் விவசாயம் பார்த்தவர் அவர். அவருக்கே இந்தக் குழப்பம் என்றால் மொட்டை மாடியில் நான்கு தொட்டி வைத்திருப்பவர்களைச் சொல்லவே வேண்டாம். நூற்புழு என்ற பேச்சு எல்லா இடத்திலும் அடிபடுகிறது. ஆனால் அது என்ன, வேருக்குள் என்ன செய்கிறது, ஏன் ஒரு பாட்டில் மருந்தோடு போவதில்லை என்று பொறுமையாகச் சொல்பவர்கள் குறைவு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கண்ணில் பட்ட புழு இது இல்லை

தொட்டி மண்ணைக் கிளறும்போது வெள்ளையாக நெளியும் புழுவைப் பார்த்து "நூற்புழு வந்துருச்சு" என்று பலர் பயப்படுகிறார்கள். மண்ணில் நெளிவது வெறும் கண்ணுக்குத் தெரிந்தால், பயிரின் வேரைத் தாக்கும் நூற்புழுவாக அது இருக்க அநேகமாக வாய்ப்பில்லை. சின்ன மண்புழு வகையோ, ஏதோ ஒரு ஈயின் புழுப்பருவமோ, வண்டின் வேர்ப்புழுவோ எதுவாகவும் இருக்கலாம்.

தக்காளி வேரைத் தாக்கும் நூற்புழுவின் குஞ்சு சுமார் 0.4 மில்லிமீட்டர் நீளம். அதன் தடிமன் நம் தலைமுடியின் தடிமனில் நாலில் ஒரு பங்குதான். போதாததற்கு உடம்பு கண்ணாடி மாதிரி இருக்கும். மண் துகள்களுக்கு நடுவே ஒட்டியிருக்கும் தண்ணீர்ப் படலத்தில் நீந்தித்தான் அது நகர்கிறது. நுண்ணோக்கியில் முதல்முறை பார்த்தபோது, கண்ணாடித் தகட்டில் யாரோ நறுக்கிப் போட்ட மெல்லிய நூல் துண்டுகள் உயிர் வந்து நெளிவதுபோல இருந்தது. நூற்புழு என்ற பெயர் எவ்வளவு பொருத்தம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

மண்புழுவுக்கும் இதற்கும் பெயரில் மட்டும்தான் உறவு. மண்புழுவின் உடம்பு வளையம் வளையமாக இருக்கும். நூற்புழுவுக்கு வளையம் கிடையாது. மனிதக் குடலில் இருக்கும் கொக்கிப்புழுவும், யானைக்கால் நோயைத் தரும் புழுவும்தான் இதன் சொந்தக்காரர்கள்.

இன்னொரு விஷயத்தையும் அழுத்திச் சொல்ல வேண்டும். மண்ணில் உள்ள எல்லா நூற்புழுவும் பயிருக்கு எதிரி கிடையாது. 2019-ல் நேச்சர் இதழில் வெளியான ஓர் ஆய்வு, உலகில் உள்ள விலங்குகளைத் தலைக்கணக்கு எடுத்தால் ஐந்தில் நான்கு மண்ணில் வாழும் நூற்புழுக்களே என்று மதிப்பிட்டது. அவற்றில் பல பாக்டீரியாவைத் தின்கின்றன, சில பூஞ்சையைத் தின்கின்றன, சில மற்ற நூற்புழுக்களையே பிடித்துத் தின்கின்றன. இவை தின்று கழிப்பதால்தான் பாக்டீரியாவுக்குள் அடைபட்ட தழைச்சத்து வேருக்குக் கிடைக்கிறது. ஸ்டெய்னெர்னீமா போன்ற சில வகைகளைப் பூச்சிகளைக் கொல்வதற்காக வளர்த்து விற்கவே செய்கிறார்கள். "மண்ணில் ஒரு நூற்புழுகூட இருக்கக் கூடாது" என்று நினைத்து எல்லாவற்றையும் கொல்லும் மருந்தை ஊற்றினால், காவல்காரனையும் சேர்த்து விரட்டிவிட்டு வீட்டைத் திறந்து போட்ட கதைதான்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: நூற்புழு கண்ணுக்குத் தெரியாத நூல் போன்ற உயிர். நல்லவை நிறைய, பயிரைத் தாக்குபவை கொஞ்சம். நாம் பேசப் போவது அந்தக் கொஞ்சத்தைப் பற்றி.

வாயில் ஓர் ஊசி

பயிரைத் தாக்கும் நூற்புழுவை எப்படி அடையாளம் காண்பது? வாயைப் பார்த்துத்தான். அதன் வாய்க்குள் உள்ளே ஓட்டையுள்ள ஊசி ஒன்று இருக்கிறது. ஸ்டைலெட் என்பார்கள், நான் ஊசிவாய் என்றே எழுதுகிறேன். இளநீரில் ஓட்டை போட்டு, குழல் சொருகி உறிஞ்சுகிறோம் இல்லையா? அதே வேலையை இது வேரின் செல்லில் செய்கிறது. செல் என்பது உயிர் உடம்பின் செங்கல். வேரும் அப்படிப்பட்ட செங்கற்களால் ஆனதுதான்.

சில நூற்புழுக்கள் வெளியே நின்றபடியே குத்தி உறிஞ்சிவிட்டு அடுத்த இடத்துக்குப் போகும். சில வேருக்குள் நுழைந்து, துளைத்துத் தின்றபடியே நகரும். வாழையைச் சாய்க்கும் துளைப்பான் நூற்புழு இந்த ரகம். மூன்றாவது ரகம்தான் சித்தப்பாவின் தோட்டத்தில் இருந்தது: உள்ளே போய் ஓர் இடத்தில் நிரந்தரமாகக் குடியிருக்கும் வேர்முடிச்சு நூற்புழு. நம் ஊர்க் காய்கறித் தோட்டங்களில் அதிகம் நஷ்டம் தருவது இதுதான் என்பதால் இதையே விரிவாகப் பார்க்கலாம்.

தெருக் குழாயில் மோட்டார்

தெருவுக்கெல்லாம் போகும் குடிநீர்க் குழாயில் ஒரு வீட்டுக்காரர் திருட்டுத்தனமாக மோட்டார் வைத்து உறிஞ்சினால் என்ன ஆகும்? அந்த வீட்டுத் தொட்டி நிரம்பும், கடைசி வீட்டுக் குழாயில் காற்றுதான் வரும். வேர்முடிச்சு நூற்புழு செய்வது இதைத்தான்.

முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சு, வேர் நுனிக்குச் சற்று மேலே, தோல் இன்னும் முற்றாத இடத்தில் நுழைகிறது. செல்களுக்கு நடுவே புகுந்து, தண்ணீரும் உணவும் போகும் குழாய்கள் இருக்கும் வேரின் மையத்தை அடைகிறது. அங்கே தலையை ஊன்றி, ஊசிவாய் வழியாகச் சில செல்களுக்குள் எச்சில் போன்ற ஒரு திரவத்தைச் செலுத்துகிறது. இந்தத் திரவம் செல்லைக் கொல்வதில்லை, அதன் புத்தியை மாற்றிவிடுகிறது என்று சொல்லலாம். சாதாரணமாக ஒரு செல் வளர்ந்தால் இரண்டாகப் பிரிய வேண்டும். இந்தச் செல்களிலோ உட்கரு மட்டும் பிரிந்து பிரிந்து பெருகுகிறது; சுவர் எழும்பாமல் செல் ஊதிக்கொண்டே போகிறது. இவற்றுக்கு ராட்சச செல்கள் என்று பெயர். ஒரு புழுவைச் சுற்றி பொதுவாக 5 முதல் 7 ராட்சச செல்கள் உருவாகும். செடி தயாரிக்கும் சர்க்கரை அந்த மோட்டாருக்கு இழுபடும். அக்கம்பக்கத்துச் செல்களும் தாறுமாறாகப் பெருகுவதால்தான் வெளியே நமக்கு முடிச்சு தெரிகிறது. முடிச்சு புழு கட்டிய கூடு என்று நினைப்பவர்கள் உண்டு. கட்டியது செடிதான், கட்டவைத்தது புழு.

குடியேறிய பெண் புழு அதன் பிறகு நகர்வதே இல்லை. தின்று தின்று பேரிக்காய் வடிவத்துக்கு உப்பிவிடும். ஆண் ஒல்லியாகவே இருந்து மண்ணுக்குத் திரும்பிவிடுகிறது. நம் ஊரில் அதிகம் காணப்படும் வேர்முடிச்சு வகைகளில் பெண்ணுக்கு ஆணின் தேவையே கிடையாது. தானாகவே சுமார் 300 முதல் 500 முட்டைகளை, ஜெல்லி போன்ற பசைக்குள் வைத்து வேரின் மேல் தள்ளிவிடும். அன்று வாளியில் அலசிய வேரை வெயிலில் திருப்பிப் பார்த்தபோது, முடிச்சுகளின் மேல் ஜவ்வரிசியை நொறுக்கி ஒட்டியதுபோலப் பழுப்புப் புள்ளிகள் தெரிந்தன. அவைதான் முட்டைக் குவியல்கள். சித்தப்பா ஒன்றை நகத்தால் சுரண்டி எடுத்து, "இதுக்குள்ள முந்நூறா?" என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

நம் ஊர் வெப்பத்தில் முட்டையிலிருந்து அடுத்த முட்டை வரை 25 முதல் 30 நாள். நூற்றுக்கு ஐந்து குஞ்சு மட்டும் பிழைத்து வேரைப் பிடிக்கிறது என்று வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பெண் புழுவிலிருந்து முதல் மாதம் 15, இரண்டாம் மாதம் 225, மூன்றாம் மாதம் 3,375, நான்காம் மாதம் 50,625. இது புரிவதற்கான கணக்கு மட்டுமே. மண்ணில் இதைத் தடுக்கும் சக்திகள் நிறைய இருக்கின்றன. ஆனால் நடும்போது மண்ணில் எத்தனை இருந்தது என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்பது இதிலிருந்து விளங்கும்.

வெயிலில் வாடி, மாலையில் நிமிர்வது ஏன்?

ராட்சச செல்கள் ஊதும்போது பக்கத்து நீர்க்குழாய்கள் நெரிந்தும் கோணியும் போகின்றன. காலையிலும் மாலையிலும் இலை கேட்கும் தண்ணீர் குறைவு. கோணிய குழாயே போதும். உச்சி வெயிலில் தேவை கூடும்போது குழாய் ஈடுகொடுப்பதில்லை. மண்ணில் ஈரம் இருந்தும் செடி வாடும். உரத்துக்கும் இதே கதிதான். மண்ணில் சத்து இருக்கிறது, பாதைதான் அடைபட்டிருக்கிறது. யூரியாவை அள்ளிப் போட்டும் செடி வெளிறியே நிற்பதற்குக் காரணம் இது.

நஷ்டம் இதோடு நிற்பதில்லை. புழு போட்ட ஓட்டை வழியாக வாடல் நோய்ப் பூஞ்சையும் பாக்டீரியாவும் உள்ளே வரும். செடி செத்த பிறகு பழி வாடல் நோய் மேல் விழும். கதவைத் திறந்துவிட்டவன் கண்ணில் படமாட்டான். அகில இந்திய நூற்புழு ஆராய்ச்சித் திட்டத்தின் விஞ்ஞானிகள், நூற்புழுக்களால் இந்தியாவில் ஆண்டுக்கு 21.3 சதவீதம் விளைச்சல் இழப்பு, மதிப்பில் 10,200 கோடி ரூபாய் என்று 2020-ல் கணக்கிட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒன்றின் கணக்கு இது.

கடலை வேரின் முண்டு வேறு

சித்தப்பா கேட்ட கேள்வி நியாயமானது. நிலக்கடலை, உளுந்து, தட்டைப்பயறு வேர்களில் இருக்கும் முண்டுகளுக்கு வேர்முண்டு என்று பெயர். அதற்குள் இருப்பது காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தரும் ரைசோபியம் பாக்டீரியா.

பிரித்துப் பார்ப்பது எளிது. வேர்முண்டு வேரின் பக்கவாட்டில் மணி ஒட்டியதுபோல் இருக்கும். விரலால் தேய்த்தால் உதிரும். கிள்ளிப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நூற்புழு முடிச்சு அப்படி உதிராது. வேரே வீங்கியிருப்பதால், முடிச்சைப் பிய்த்தால் வேரும் அறுந்துதான் வரும். உள்ளே வெள்ளையாக இருக்கும், கூர்ந்து பார்த்தால் குண்டூசித் தலையைவிடச் சின்னதாக முத்துப்போல ஏதோ மின்னும். அதுதான் பெண் புழு. தக்காளி, கத்தரி, வெண்டை, பாகல் வேரில் முண்டு கண்டால் யோசிக்கவே வேண்டாம், அவற்றில் ரைசோபியம் முண்டு வராது. பயறு வகைகளில் மட்டும் தேய்த்துப் பாருங்கள். ஒரே வேரில் இரண்டும் இருப்பதும் உண்டு.

பேனும் ஈறும்: மருந்து ஏன் கேட்கவில்லை?

பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தலையில் பேன் வந்த வீடுகளில் இது தெரியும். மருந்து தேய்த்துக் குளிக்கவைத்தால் பேன் சாகும், முடியில் ஒட்டியிருக்கும் ஈறு சாகாது. ஒரு வாரத்தில் ஈறு பொரித்து மறுபடி பேன் வரும். அதனால்தான் அம்மாக்கள் தினமும் ஈருளி வைத்து உட்கார்ந்துவிடுகிறார்கள்.

மண்ணிலும் இதேதான். நடவுக்குப் பிறகு ஊற்றும் மருந்து, மண்ணில் அலையும் குஞ்சுகளைத்தான் முக்கியமாகப் பிடிக்கிறது. ஜெல்லிக்குள் இருக்கும் முட்டைகள் தப்பிக்கின்றன. வேருக்குள் குடியிருக்கும் பெண் புழுவுக்கும் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. எல்லாம் செத்தாலும் ஏற்கெனவே விழுந்த முடிச்சு மறைவதில்லை. கோணிய குழாய் நேராவதில்லை. ஐம்பதாம் நாளில் முடிச்சைக் கண்டு மருந்து ஊற்றினால் அந்தப் பயிருக்குப் பலன் சொற்பம்தான். செலவோ முழுசு.

மருந்தே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஃபுளூயென்சல்ஃபோன், ஃபுளூவோபைரம் போன்ற புதிய மருந்துகள் இன்று இருக்கின்றன. நடவுக்கு முன்பும் நடும் சமயத்திலும், லேபிளில் எழுதிய பயிருக்கு எழுதிய அளவில் கொடுத்தால் இளம் வேரைக் காப்பாற்றும். முன்பு தாராளமாகத் தூவிய ஃபோரேட் குருணை 2020 கடைசியோடு இந்தியாவில் தடையானது. யாராவது பழைய மூட்டையைத் தள்ளிவிடப் பார்த்தால் வாங்காதீர்கள். அந்த விஷம் தூவுகிற கைக்கும் கிணற்றுக்கும்தான் போகிறது.

சுருக்கமாக: தாக்கிய பிறகு குணமாக்கும் மருந்து கிடையாது. நடவுக்கு முன் மண்ணில் உள்ள எண்ணிக்கையைக் குறைப்பதுதான் வேலை. முழுக்க ஒழிப்பது நடக்காது. செடி தாங்கும் அளவுக்குக் கீழே வைத்திருப்பது நடக்கும்.

நாமேதான் சுமந்து வருகிறோம்

நூற்புழு தானாக நகர்ந்தால் ஒரு வருடத்தில் ஒரு மீட்டர் போவதே அதிகம். தோட்டத்தில் வட்டம் வட்டமாகத் திட்டு விழுவதும் அதனால்தான். ஊர்விட்டு ஊர் போவதென்றால் நாற்றோடும், பாக்கெட் மண்ணோடும், டிராக்டர் கலப்பையில் ஒட்டிய மண்ணோடும், வாய்க்கால் தண்ணீரோடும் போகிறது.

கொய்யாவைப் பாருங்கள். மெலாய்டோகைன் என்டரோலோபி என்ற மூர்க்கமான வேர்முடிச்சு வகை தமிழ்நாட்டுக் கொய்யாவில் இருப்பது 2016-ல் பதிவானது. பழனி, ஆயக்குடி பக்கத்துக் கொய்யா விவசாயிகள் இதன் வேதனையை நன்றாக அறிந்தவர்கள். இலை வெண்கல நிறமாகி, மரம் மெதுவாகப் பட்டுப்போகும். வருடக்கணக்கில் நிற்கும் மரம் என்பதால் தக்காளி மாதிரிப் பிடுங்கிப் போட்டு அடுத்த பயிர் வைக்க வழியில்லை. கொய்யாக் கன்று வாங்குபவர்கள் ஒரு பாக்கெட்டையாவது கிழித்து, வேரை அலசிப் பார்த்த பிறகே காசைக் கொடுக்க வேண்டும். நாற்றங்கால்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

நீலகிரி உருளைக்கிழங்கின் கதை இன்னும் பழையது. ஆண்டிஸ் மலையில் பிறந்த முட்டைக்கூடு நூற்புழு ஊட்டியில் இருப்பதை 1961-ல் ஜோன்ஸ் என்ற விஞ்ஞானி கண்டுபிடித்தார். இதில் பெண் புழு செத்த பிறகு அதன் உடம்பே கெட்டியான கூடாகிவிடும். உள்ளே நூற்றுக்கணக்கான முட்டைகள், இருபது வருடத்துக்கு மேல்கூட உயிரோடு காத்திருக்கும். பக்கத்தில் உருளைக்கிழங்கு வேர் வந்து, அதன் சாறு மண்ணில் கசிந்தால்தான் பெரும்பாலானவை பொரிக்கும். பத்து வருடம் நிலத்தைச் சும்மா போட்டாலும் போகாத பூச்சி இது. குஃப்ரி சொர்ணா போன்ற எதிர்ப்பு ரகங்களும் பயிர்ச் சுழற்சியும்தான் அங்கே கைகொடுக்கின்றன.

எண்ணிக்கையைக் குறைக்கும் வழிகள்

முதலில், இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். வயலில் வளைந்து வளைந்து நடந்து பதினைந்து இருபது இடங்களில், வேர் பகுதியில் 15 முதல் 30 சென்டிமீட்டர் ஆழத்திலிருந்து மண் எடுத்துக் கலந்து, கால் கிலோ அளவு பிளாஸ்டிக் பையில் கட்டுங்கள். கொஞ்சம் வேரும் சேர்த்து வையுங்கள். பையை வெயிலில் வைக்கக் கூடாது, மண் காயவும் கூடாது. உரச்சத்துப் பரிசோதனைக்குக் காயவைத்துக் கொடுப்பதுபோல் இதற்குக் கொடுத்தால் புழு செத்துப்போய், "இல்லை" என்று முடிவு வரும். கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் நூற்புழுவியல் துறை இருக்கிறது. பக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்திலும் வழி கேட்கலாம்.

பயிர் முடிந்ததும் வேரைப் பிடுங்குவது இலவசமான மருந்து. அறுவடை முடிந்த தக்காளியை அப்படியே விட்டால் வேர் உயிரோடு இருக்கும் வரை புழு முட்டையிட்டுக்கொண்டே இருக்கும். பிடுங்கி, வயலுக்கு வெளியே காயவைத்து எரித்துவிடுங்கள். மணத்தக்காளி போன்ற களைகளும் இதற்குச் சோறு போடுபவை.

கோடை உழவை நம் பெரியவர்கள் மழைநீருக்காக மட்டும் செய்யவில்லை. சித்திரை, வைகாசியில் பத்துப் பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை உழுதால் கீழ் மண் மேலே வந்து காயும். நூற்புழுவுக்குத் தண்ணீர்ப் படலம்தான் சாலை என்றேன் அல்லவா? சாலையே காய்ந்தால் அது எங்கே போகும்?

நாற்றங்காலுக்கு இதைவிட நல்ல வழி மண்ணுக்கு வெயில் மூட்டம் போடுவது. மேட்டுப்பாத்தியை நன்றாக நனைத்து, மெல்லிய பிளாஸ்டிக் தாளை இழுத்து மூடி, ஓரங்களை மண்ணில் புதைத்து, கோடையில் நாலு முதல் ஆறு வாரம் விட வேண்டும். தாள் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்க வேண்டும். பலர் கறுப்புத் தாளை வாங்கிவிடுகிறார்கள், அது தன்னைத்தான் சூடாக்கிக்கொள்ளும். மண் நனைந்திருப்பதும் கட்டாயம், ஈர மண்ணில்தான் சூடு இறங்கும். ஆழம் போகப் போகச் சூடு குறைவதால், மேல் அரையடி மண்ணுக்கு மட்டும் இதை நம்பலாம். மாடித்தோட்டக்காரர்களுக்கும் இது உதவும்: முடிச்சு கண்ட பையின் மண்ணை நனைத்து, தெளிவான பிளாஸ்டிக் பையில் மெல்லியதாகப் பரப்பி, தளத்து வெயிலில் போடுங்கள். அந்த மண்ணை அப்படியே அடுத்த தொட்டியில் கொட்டுவதுதான் மாடியில் நூற்புழு பரவும் முதல் வழி.

அடுத்து செண்டுமல்லி. இதைப் பற்றித்தான் தவறான நம்பிக்கை அதிகம். தக்காளிக்கு நடுவே நாலு செடி வைத்தால் வாசனைக்கே நூற்புழு ஓடிவிடும் என்பார்கள். வாசனைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. செண்டுமல்லி வேரில் ஆல்ஃபா டெர்தைனைல் என்ற பொருள் இருக்கிறது. அந்த வேருக்குள் நுழைய வரும் குஞ்சைத்தான் அது கொல்கிறது. வேர் போகாத இடத்தில் வேலை நடக்காது. நிலம் முழுக்க நெருக்கமாக, இரண்டு மூன்று மாதம் தனிப் பயிராக நின்றால்தான் எண்ணிக்கை குறையும். பூ விற்ற காசு கூடுதல். எல்லா ரகமும் எல்லா நூற்புழுவுக்கும் ஒரேபோல் வேலை செய்வதில்லை என்பதால், முடிந்த பிறகு வேரை ஒருமுறை அலசிப் பாருங்கள்.

சணப்பையும் நல்ல துணை. குஞ்சு அதன் வேருக்குள் போனாலும் வளர்ந்து முட்டையிட முடியாமல் திணறும். மடக்கி உழுதால் பசுந்தாள் உரம். தண்ணீர் வசதி உள்ளவர்கள் நெல் வைத்தால், தேங்கிய தண்ணீரில் காய்கறியைத் தாக்கும் வகைகள் குறையும். நெல்லுக்கென்று தனி வேர்முடிச்சு நூற்புழு இருப்பது வேறு விஷயம். தக்காளிக்குப் பின் கத்தரி, கத்தரிக்குப் பின் வெண்டை என்று மாற்றுவது பயிர்ச் சுழற்சி ஆகாது. நமக்குத்தான் அவை வேறு வேறு காய், புழுவுக்கு எல்லாம் ஒரே விருந்து.

வேப்பம் பிண்ணாக்கு ஏக்கருக்கு 100 கிலோ வரை இடச் சொல்கிறார்கள். நட்ட பிறகு தூரில் போடுவதைவிட, நடவுக்கு இரண்டு வாரம் முன்பே ஈர மண்ணில் கலந்துவிடுவது நல்லது. மக்கும்போதுதான் அதிலிருந்து நூற்புழுவுக்கு ஆகாத பொருட்கள் வெளிவரும், நல்ல நுண்ணுயிர்களும் பெருகும். அதோடு பர்பூரியோசிலியம் லிலாசினம் என்ற பூஞ்சையைச் சேர்க்கலாம். இது முட்டைக் குவியலுக்குள் இழை நீட்டி முட்டையையே தின்னும். ஈறைக் குறிபார்க்கும் ஆள் இதுதான். ஏக்கருக்கு ஒரு கிலோ அளவில் மக்கிய தொழு உரத்தில் கலந்து, நிழலில் ஈரம் காயாமல் இரண்டு வாரம் மூடி வைத்துப் பிறகு இட்டால் பெருகியிருக்கும். உயிருள்ள பொருள் இது. காலாவதி தேதி பார்த்து வாங்குங்கள்; இட்ட கையோடு பூஞ்சைக்கொல்லியை ஊற்றிவிடாதீர்கள்.

கடைசியாக, எனக்கு மிகவும் பிடித்த வழி. சுண்டைக்காய் வேரை வேர்முடிச்சு நூற்புழுவால் எளிதில் பிடிக்க முடியாது. சுண்டைக்காய்ச் செடியை அடியாக வைத்து மேலே கத்தரியை ஒட்டுக்கட்டிய நாற்றுகள் இப்போது தமிழ்நாட்டிலேயே கிடைக்கின்றன. விலை கூடுதல்தான், ஆனால் நூற்புழு உள்ள நிலத்தில் அந்தக் காசு திரும்பி வரும். தக்காளியிலும் எதிர்ப்பு ரகங்கள் உண்டு. 1940-களில் பெரு நாட்டுக் காட்டுத் தக்காளியிலிருந்து எடுத்துச் சேர்த்த எம்ஐ என்ற மரபணுதான் அவற்றுக்குப் பலம். ஆனால் மண்ணின் வெப்பம் 28 டிகிரிக்கு மேல் போனால் அது தளர்ந்துவிடும். நம் ஊர்க் கோடையில் அதை மட்டும் நம்பி இறங்கக் கூடாது. கொய்யாவைத் தாக்கும் அந்த மூர்க்க வகைக்கு முன்னால் எந்தக் காலத்திலும் அது நிற்பதில்லை.

வாழைக்கு ஒரே ஒரு வரி: வேர் துளைத்து அழுகிய தோட்டத்திலிருந்து கன்று எடுக்காதீர்கள், எடுக்கும் கன்றின் கிழங்கை வெள்ளை தெரியும் வரை சீவி, செம்பழுப்புப் புள்ளி இல்லாததை மட்டும் நடுங்கள், அல்லது திசு வளர்ப்புக் கன்று வாங்குங்கள்.

சித்தப்பாவின் இரண்டு வட்டங்கள்

அன்றைக்கே அந்த இரண்டு திட்டுகளையும் சுற்றிக் குச்சி நட்டோம். பறிப்பு முடிந்ததும் அந்த இடத்துச் செடிகளை வேரோடு தோண்டிக் களத்து மேட்டில் காயவைத்து எரித்தார். டிராக்டர்க்காரரிடம், "அந்தக் குச்சி நட்ட இடத்தைக் கடைசியா ஓட்டுப்பா, ஓட்டிட்டுக் கலப்பையைக் கழுவிட்டுப் போ" என்று சொல்லிக் கோடையில் மூன்று உழவு போட்டார். ஆடியில் தோட்டம் முழுக்க செண்டுமல்லி. ஆயுத பூஜைக்கு நல்ல விலைக்குப் போனது.

எண்ணிக்கை குறைந்ததா என்று பார்க்க, ஆய்வகம் போகாமலே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. குச்சி நட்ட இடத்து மண்ணை மூன்று தொட்டியிலும், தோட்டத்தின் மற்ற பகுதி மண்ணை மூன்று தொட்டியிலும் எடுத்து, சுத்தமான நாற்றிலிருந்து ஆளுக்கொரு தக்காளி நட வேண்டும். நாற்பது நாள் கழித்து வேரை அலசி முடிச்சுகளை எண்ண வேண்டும். தக்காளி வேர் அவ்வளவு நேர்மையான சாட்சி.

அந்த ஆறு தொட்டிகளும் இப்போது சித்தப்பா வீட்டுத் திண்ணையில் வரிசையாக இருக்கின்றன. எந்த மண் எதில் என்று சுண்ணாம்பில் எழுதி வைத்திருக்கிறார். நேற்று போனில், "இருபத்திரெண்டு நாள் ஆச்சு, ஒண்ணைப் பிடுங்கிப் பாக்கட்டுமா?" என்றார். இன்னும் பதினெட்டு நாள் பொறுங்கள் சித்தப்பா என்றேன்.